முழங்கால் தேடிப் போன சனிக்கிழமை

வின்டர்தூர் நிலையத்தில் சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு ரயில் ஏறினேன். தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் பழைய துவாயில் சுற்றிய, இரண்டாக உடைந்த ஓர் இரும்புத் துண்டு. அதன்மேல் அலுமினியத் தாளில் மடித்த ரொட்டியும், செத்தல் மிளகாய் இடித்த கட்டைச் சம்பலும். அரைக்கட்டண அட்டை உள்ளவர்களுக்கான நாட்சீட்டு எழுபத்தைந்து பிராங்க். அதை வைத்துக்கொண்டு அன்று முழுவதும் சுவிஸ் நாட்டின் எந்த மூலைக்கும் போகலாம். எந்த மூலைக்குப் போகவேண்டும் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

இரும்புத் துண்டு என் மனைவி சறோவுடையது. சறோ ஒரு முதியோர் இல்லத்தில் சலவைப் பகுதிக்குப் பொறுப்பாக இருக்கிறாள். ஓய்வு கிடைக்கிற ஞாயிறுகளில் துப்பாக்கி சுடுகிறாள். யாழ்ப்பாணத்தில் எங்கள் பக்கம் ஊருக்கு ஒரு சனசமூக நிலையம் இருப்பதுபோல இங்கே ஊருக்கு ஒரு துப்பாக்கிச் சங்கம் உண்டு. வேலை இடத்துச் சிநேகிதி ஒருத்தி ஒருநாள் அவளை அங்கே கூட்டிக்கொண்டு போனாள். பின்னேரம் வீடு திரும்பிய சறோ, நாளைக்கு என்ன கறி என்று கேட்கிற அதே குரலில், சங்கத்தில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னாள்.

நான் யாழ்ப்பாணத்தை விட்டு வந்ததே அந்தத் துப்பாக்கிச் சத்தத்துக்குப் பயந்துதான். ஓகஸ்ட் முதலாம் திகதி, தேசிய தினத்துக்கு, இந்த நாட்டுக்காரர் வெடி கொளுத்துகிறபோது, நான் ஹவுஸ்வார்ட்டாக, அதாவது கட்டடப் பராமரிப்பாளனாக இருக்கும் பள்ளிக்கூடத்தின் நிலவறைக்குப் போய்க் கொதிகலனைப் பார்ப்பவன். ஓகஸ்டில் கொதிகலனில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சறோ சுவிஸ் குடியுரிமை எடுத்துவிட்டாள். எனக்குப் படிவம் நிரப்பப் பஞ்சி, ஒரே அலுப்பு. இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டோடும் நிரந்தர வதிவிடத்துக்கான சே பெர்மிட்டோடும் இருக்கிறேன். இலங்கைக் குடியுரிமை உள்ளவனுக்கு இங்கே ஆயுதம் விற்கமாட்டார்கள். ஆகவே எங்கள் வீட்டில் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கக் கூடியவள் அவள் ஒருத்திதான். இதைச் சொல்லி எங்கள் சொந்தக்காரர் சிரிக்காத கலியாணவீடு இல்லை.

அவளுடைய துப்பாக்கி நூற்றைம்பது வருடப் பழசு. அதற்குத் தோட்டா இப்போது கடையில் கிடையாது. சுட்டு முடிந்த வெற்றுக் கோதுகளைப் பொறுக்கி, மறுபடி நிரப்பித்தான் பாவிக்க வேண்டும். அதற்கு ஒரு பிரெஸ் இருக்கிறது. பச்சை நிற வார்ப்பிரும்பு, அமெரிக்காவில் செய்தது, ஆட்டுக்கல் பாரம். கைப்பிடியை இழுத்தால் நடுவிலுள்ள தண்டு மேலே ஏறி, கோதை அச்சுக்குள் தள்ளும். கைப்பிடியையும் தண்டையும் இணைக்கிற வளைந்த துண்டுக்கு ஜெர்மன் மொழியில் முழங்கால் என்றுதான் பெயர். அந்த முழங்கால்தான் உடைந்துவிட்டது.

செய்த கம்பனி எப்போதோ மூடிவிட்டது. வின்டர்தூரில் ஒரு பட்டறையில் ஒட்டிப் பார்த்தார்கள். முதல் இழுவையிலேயே திரும்ப வெடித்தது. புதிதாகச் செய்துதர ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம், கேட்டார்கள். புதுப் பிரெஸ் வாங்கலாமென்றால், அவளிடமுள்ள அச்சுகள் இந்தப் பழைய தலையில் மட்டும்தான் பூட்டும். பருவத்தின் கடைசிப் போட்டியோ இரண்டு கிழமையில். பழைய துப்பாக்கிக்காரர்களின் புள்ளிப் பட்டியலில் சறோ முதலாவதாக நின்றாள். இரண்டாவது வெர்னர் என்ற ஓய்வுபெற்ற தபால்காரர். சங்கத்தில் இதே மாதிரிப் பிரெஸ் வைத்திருக்கிற மற்ற ஆள் அவர்தான். வந்து பாவிக்கும்படி அன்போடு கூப்பிட்டார். அங்கே போய்த் தோட்டா நிரப்பினால், தான் வென்றாலும் அது வெர்னரின் வெற்றிதான் என்று சறோ சொல்லிவிட்டாள். அந்தச் சனியும் ஞாயிறும் அவளுக்கு வேலை. மிச்சம் இருந்தது நான்.

வெளிக்கிடும்போது வாசலில் வைத்து ஒரே ஒரு புத்திமதி சொன்னாள்.

“இஞ்சரப்பா, ரயிலுக்கை ஆரும் கேட்டால் தோட்டா கீட்டா எண்டு விளக்கம் குடுக்க வெளிக்கிடாதேங்கோ. மெஷின் சாமான் எண்டு மட்டும் சொல்லுங்கோ.”

சூரிச்சுக்கு முன்னால் ஓர்லிகோனில் இறங்கினேன். நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் விற்கிற எங்கள் ஆட்களின் கடைக்கு இரண்டு தெரு தள்ளி, பழைய ஆயுதங்கள் விற்கிற ஒரு கடை இருக்கிறது. கண்ணாடிக்குள் வாள்களும் தலைக்கவசங்களும். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மிகவும் மரியாதையாக அடையாள அட்டையைக் கேட்டார். கொடுத்தேன். இலங்கை என்று இருந்த இடத்தில் அவருடைய விரல் நின்றது. அட்டையை மேசையில் வைத்து, சூடான சட்டியைத் தள்ளுவதுபோல என் பக்கம் தள்ளினார்.

எனக்கு ஆயுதம் வேண்டாம், முழங்கால்தான் வேண்டும் என்றேன். மருந்துக்கடை எதிர்ப்பக்கம் என்றார். துவாயை அவிழ்த்துக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. உடைந்த துண்டைக் கையில் எடுத்து, யாரோ சொந்தக்காரர் இறந்த செய்தி கேட்டவர்போலத் தலையை ஆட்டினார். இதை எனக்கு விற்பதற்குச் சட்டத்தில் எந்தத் தடையுமில்லை, ஏனென்றால் இது ஆயுதமல்ல, வெறும் கருவி என்று விளக்கினார். ஒரே ஒரு குறை, அவரிடம் அது இல்லை. இருபது வருடத்தில் இரண்டு தரம்தான் கண்டிருக்கிறாராம். கதவுவரை வந்து வழியனுப்பினார்.

வெளியே நின்று கைப்பேசியில் பழைய சாமான் விளம்பரங்களைத் தட்டினேன். ஓல்டனில் ஒன்று கிடந்தது: பழைய பிரெஸ், இரும்பு, பச்சை, பாகங்கள் குறைவு. படம் இருட்டு. விற்பவர் பெயர் தவராசா.

ஒரு தமிழன் பிரெஸ் விற்கிறான் என்றதும் எனக்குப் பாதி வெற்றி கிடைத்த மாதிரி இருந்தது. எடுத்துக் கதைத்தேன். மட்டக்களப்புப் பேச்சு. ஓல்டன் நிலையத்தில், பூச்சியக் கல் என்கிற பழைய மைல்கல்லின் அடிக்கு வரச்சொன்னார். இந்த நாட்டு ரயில்பாதையின் தூரங்களை ஒரு காலத்தில் அந்தக் கல்லிலிருந்துதான் அளந்தார்களாம். சூரிச்சில் மாறி ஓல்டன் போக ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட எடுத்தது. யன்னலோரம் முழுக்கக் களஞ்சியசாலைகள், பிறகு மூடுபனி, பிறகு மறுபடி களஞ்சியசாலைகள். அவற்றில் ஒன்றில்தான் தவராசா வாரநாட்களில் பெட்டி தூக்குகிறார். வார இறுதியில் ஆட்கள் இறந்துபோன வீடுகளின் நிலவறைகளைத் துப்புரவாக்கிக் கொடுத்து, அங்கே கிடப்பதை விற்கிறார்.

அந்தக் கல்லின் அடியில் நின்றார். நாற்பது வயதிருக்கும். சந்தைக்குக் கொண்டுபோகிற சில்லுப் பை ஒன்றைச் சிரித்துக்கொண்டே என் பக்கம் உருட்டினார். திறந்தேன். உள்ளே என் கை நீளத்துக்கு, திருகு வெட்டிய ஒரு தடித்த இரும்புத் தண்டு. பச்சைதான். இரும்புதான். பிரெஸ்தான். ஆனால் அப்பிள் பிழிகிற பிரெஸ்ஸின் திருகாணி.

தவராசாவுக்கு என் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். வந்ததற்குக் கோப்பி வாங்கித் தந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சனிக்கிழமைக் காலை அந்தப் பாரத்தை வீட்டிலிருந்து உருட்டிக்கொண்டு வந்திருக்கிறார். இரண்டு பேரும் மாறி மாறி இரங்கியதில், நான் பத்துப் பிராங்குக்குத் திருகாணியை வாங்கிவிட்டேன். பையைத் தரமாட்டேன் என்றார். ஒன்பது கிலோ.

கோப்பி முடிகிற நேரம்தான், வேறெதற்கோ நான் என் துணிப்பையைத் திறந்தபோது, அவர் என் முழங்காலைக் கண்டார்.

“அண்ணன், இதை நான் கண்டிருக்கன். இதே பச்சை, இதே வளைவு. எமெந்தால் பக்கம் ஒரு வீட்டில, ஹன்னி எண்டு ஒரு மனிசி. போன மாசம் அவங்கட நிலவறையத் துப்புரவாக்கினன். இது மட்டும் குசினிக்குப் பக்கத்தில மேசையில பூட்டிக் கிடந்த. இதையும் கழட்டவா எண்டு கேட்டன். மறுகா அந்த மனிசி எனக்குப் பின்னால விளக்குமாத்தோட வந்த வரத்து...”

விளக்குமாறு பற்றி யோசித்துக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை. தவராசா அங்கேயே நின்று அந்த அம்மாவுக்கு எடுத்துக் கதைத்தார். ஒருவர் வருகிறார், அவருடைய மனைவிக்கு முழங்கால் உடைந்துபோய்விட்டது என்று அவர் ஜெர்மனில் சொன்னது என் காதிலும் விழுந்தது. நான் அதைத் திருத்திச் சொல்வதற்குள் கைப்பேசியை வைத்துவிட்டார். வரச்சொல்கிறா என்றார். பரிதாபப்பட்ட மாதிரியும் இருந்ததாம்.

ஓல்டனிலிருந்து புர்க்டோர்வ், அங்கே மாறி லாங்னவ். இரண்டாவது ரயிலில் மூடுபனி கழன்றுவிட்டது. ஒக்ரோபர் வெயிலில் பச்சைக் குன்றுகள், ஒவ்வொரு குன்றுக்கும் நிலம்வரை தாழ்ந்த கூரையோடு ஒரு பெரிய வீடு, வாசலில் சிவப்புப் பூச்சாடிகள். உலகம் முழுவதும் நாட்காட்டியில் தொங்கவிடுகிற இடம் இதுதான். நான் அதைத் திருகாணியை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். எதிரே இருந்த பெண் அது என்னவென்று கேட்டா. மெஷின் சாமான் என்றேன். மேலே கேட்கவில்லை, சறோ கெட்டிக்காரி.

லாங்னவில் இறங்கி, மஞ்சள் பஸ் பிடித்து, சொன்ன தரிப்பில் இறங்கினால், வீடு தெரிந்தது. தலைக்கு மேலே தெரிந்தது. இருபது நிமிட ஏற்றம் என்று பலகை சொன்னது. ஒன்பது கிலோவோடு ஏறுபவனுக்கு அந்தப் பலகை பொருந்தாது. நான் போய்ச் சேர்ந்தபோது இரண்டு மணியாகிவிட்டது. சட்டை நனைந்திருந்தது.

ஹன்னி வாசலில் நின்றா. எழுபது தாண்டிய, அகலமான, நேரான பெண். என் காலைப் பார்த்து, பின்னால் பாதையைப் பார்த்து, மனைவி எங்கே என்று கேட்டா. அவ பேசியது அந்த மலையின் ஜெர்மன். எனக்கு விளங்கியபடி எங்கள் தமிழில் எழுதுகிறேன். உடைந்தது மனைவியின் முழங்காலல்ல, மெஷினின் முழங்கால் என்று சொன்னேன். அவவின் முகத்திலிருந்து பரிதாபம் உடனே போய்விட்டது. அப்போதுதான் என் கையிலிருந்ததைக் கண்டா.

“இது எங்கட அப்பிள் பிரெஸ்ஸின்ர திருகாணி. இதை இந்த வளவை விட்டு வெளியாலை அனுப்பத்தான் அந்த மனிசனுக்கு ஐம்பது பிராங்க் குடுத்தனான். நீ ஏன் திருப்பிக் கொண்டு வந்தனி?”

துணிப்பையிலிருந்து உடைந்த துண்டை எடுத்துக் காட்டினேன்.

பார்த்துவிட்டு உள்ளே விட்டா. குசினிக்குப் பக்கத்துக் கழுவும் அறையில், தடித்த மரமேசையில், அது பூட்டியிருந்தது. சறோவினுடையதன் இரட்டை. முழங்கால் முழுசாக, எண்ணெய் பூசி மினுங்கியது. சுற்றிலும் மூன்று சின்னச் சாக்கு வால்நட். கணவர் துப்பாக்கி சுடுபவர், போன வருடம் இறந்துவிட்டார். துப்பாக்கிகளைச் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டா. பிரெஸ்ஸை மட்டும் வைத்துக்கொண்டா, ஏனென்றால் அதில் வைத்து அழுத்தினால் வால்நட் பருப்புச் சிதறாமல் உடைகிறது. லாங்னவில் ஒரு பேக்கரிக்காரருக்குத் திங்கட்கிழமை முழுப் பருப்பாகக் கொடுக்கவேண்டும். நொறுங்கிய பருப்பை அவர் எடுக்கமாட்டார்.

அந்த ஒரு துண்டை மட்டும் தந்தால் போதும் என்றேன். அது இல்லாவிட்டால் இது வெறும் இரும்பு என்றா. நூறு பிராங்க் தருகிறேன் என்றேன். நூறு பிராங்க் வால்நட் உடைக்குமா என்று கேட்டா. சறோவின் போட்டியைப் பற்றிச் சொன்னேன், வெர்னரைப் பற்றிச் சொன்னேன். வெர்னரின் அன்பான அழைப்பைக் கேட்டபோது உதட்டைச் சுழித்தா. அந்த மாதிரி ஆட்களை அவவுக்கும் தெரியுமாம். கொஞ்சம் யோசித்தா. பிறகு ஒரு சாக்கைக் காலால் என் பக்கம் தள்ளினா.

“இது மூண்டும் முடியட்டும். முடிஞ்சால் அடுத்த ஒக்ரோபர் வரைக்கும் எனக்கு இது தேவையில்லை.”

கைப்பிடிக்கு முன்னால் நின்றேன். எங்கள் நிலவறையில் இதே பிரெஸ் ஆறு வருடமாக இருக்கிறது. நான் ஒருநாளும் தொட்டதில்லை. சறோ அங்கே வேலை செய்கிற நேரங்களில் கதவைத் தட்டி, சாப்பாடு ஆறுகிறது என்று வெளியில் நின்றே சொல்லிவிட்டு ஏறிவிடுவேன். இப்போது என் விரல்கள் கைப்பிடியின் குமிழைப் பிடிக்க மறுத்தன. இது வால்நட், இது வால்நட் என்று எனக்கு நானே சொன்னேன். ஹன்னி ஒரு கொட்டையை எடுத்துத் தண்டின்மேல் வைத்தா. இழுத்தேன். கொட்டை மாவாகிவிட்டது.

மெதுவாக, முடிவில் கையை விட வேண்டும் என்றா. அடுத்ததும் மாவு. ஏழாவதோ எட்டாவதோ, ஒரு சின்னச் சத்தத்தோடு ஓடு பிளந்து, பருப்பு வண்ணத்துப்பூச்சிபோல முழுசாக வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு நேரம் போனது தெரியவில்லை. நான் இழுத்தேன், அவ பொறுக்கினா. ரொட்டியையும் சம்பலையும் பாதி பாதியாகச் சாப்பிட்டோம். சம்பல் அவவின் கண்ணில் நீர் வரவைத்தது. இரண்டாம் தரமும் எடுத்தா.

இரண்டாம் சாக்கின் நடுவில் கேட்டா: “உன்ர மனிசி நல்லாச் சுடுவாளோ?”

முதலாவதாக நிற்கிறாள் என்றேன்.

“அது பட்டியல். நீ பாத்தனியோ?”

இல்லை என்றேன். ஏனென்றும் சொன்னேன், கொஞ்சம். யாழ்ப்பாணம், சத்தம், கொதிகலன். ஹன்னி ஓட்டிலிருந்து பருப்பைப் பிரித்துக்கொண்டே கேட்டா. தன்னுடைய மனுசன் ஒவ்வொரு ஞாயிறும் சுடப் போனார், தான் கோபத்தில் ஒருநாளும் கூடப் போகவில்லை என்றா. அவர் செத்தவீட்டில் சங்கத்துக்காரர் வந்து, அவர் எப்படிப் படுத்து, எப்படி மூச்சைப் பிடித்துச் சுடுவார் என்று ஆளுக்காள் சொல்லிக்கொண்டு நின்றார்களாம். தனக்கு அதில் ஒன்றும் தெரியாமல் கோப்பி ஊற்றிக்கொண்டு நின்றாவாம். அடுத்த கொட்டையை வைத்தா.

மூன்றாம் சாக்கு முடிந்தபோது வெளியே இருட்டத் தொடங்கிவிட்டது. என் உள்ளங்கையில் கொப்புளம். ஹன்னி மனுசனின் ஸ்பானர் சாவிகளை எடுத்துவந்து, முழங்காலைத் தானே கழற்றி, பேக்கரிக்காரரின் கடதாசியில் சுற்றித் தந்தா. காசு வாங்கவில்லை. அடுத்த ஒக்ரோபர் முதல் சனிக்கிழமை துண்டோடும் கையோடும் வரவேண்டும் என்பதுதான் பேச்சு. சம்பலும் கேட்டா. திருகாணியை அங்கேயே விட்டுவிடலாம் என்று மெல்லக் கதவருகில் சாத்தியிருந்தேன். ஹன்னி தரிப்புவரை நடந்துவந்து, பஸ்ஸுக்குள் அதைத் தூக்கி வைத்துவிட்டுத்தான் போனா.

லாங்னவ், பேர்ன், சூரிச், வின்டர்தூர். திரும்பி வந்த வழியில் ஒன்றையும் நான் பார்க்கவில்லை; கண்ணாடியில் என் முகம் மட்டும்தான் தெரிந்தது. போகும் வழியில் அந்தக் குன்றுகளைப் பார்த்தபோது, இவ்வளவு அமைதியான இடத்தில் மனிதருக்கு என்ன குறை இருக்கும் என்று நினைத்திருந்தேன். கடைசிக் கடைசியாக, அந்த வீட்டுக் குறையும் எங்கள் வீட்டுக் குறையும் ஒரே அச்சில் வார்த்தவை என்று பட்டது. வித்தியாசம் என்னவென்றால், எங்கள் வீட்டில் இன்னும் இரண்டு பேரும் இருக்கிறோம்.

சறோ துண்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். துளையை அரத்தால் கொஞ்சம் அராவ வேண்டியிருந்தது. பிறகு கைப்பிடி வெண்ணெயில் போவதுபோல இறங்கியது. என் கொப்புளத்தைப் பார்த்தவள், என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். அவள் நம்பவில்லை. ஒரு வெற்றுக் கோதைத் தண்டில் வைத்துக் காட்டினேன், மெதுவாக, முடிவில் கையை விட்டு. நம்பிவிட்டாள்.

போட்டிக்கு நானும் வாறன் என்று அன்று காலை சொன்னேன். சறோவின் காரில் போய் இறங்கினோம். சங்கத்துக்காரர் என் இரண்டு காதுக்கும் பெரிய மூடிகள் தந்தார்கள். சுடும் கூடம் மரத்தளம். சறோ பாயில் குப்புறப் படுத்திருந்தாள். நான் அவளுக்கு நாலடி பின்னால் நின்றேன். பத்து வெடி. சத்தம் மூடியைத் தாண்டி நெஞ்சுக்குள் வந்தது. ஒவ்வொன்றுக்கும் வெள்ளைப் புகை எழும்பி, அவளை முழுசாக மறைத்து, பிறகு அவளுடைய காலணிகளை முதலிலும் தலையைக் கடைசியிலும் திருப்பித் தந்தது. இடது முழங்காலைக் கொஞ்சம் மடித்துக்கொள்கிறாள். சுடுவதற்கு முன் தோள் ஒருதரம் தாழ்கிறது. வீட்டில் எங்கேயும் அவளை நான் அவ்வளவு அசையாமல் கண்டதில்லை.

மொத்தத்தில் வெர்னரும் அவளும் சமன். சமனாக வந்தால் வயது கூடியவருக்கு முதலிடம் என்பது சங்கத்து விதி. வெர்னர் கைகொடுத்து மன்னிப்புக் கேட்டார். சறோவுக்குக் கவலை ஒன்றும் தெரியவில்லை. பரிசாகக் கிடைத்த புகையூட்டிய பெரிய பன்றியிறைச்சித் துண்டைப் பின் இருக்கையில் போட்டு, காரை எடுத்தாள். கொஞ்சத் தூரம் போனபிறகு, எனக்கு நல்லாப் பயமாக இருந்ததோ என்று கேட்டாள்.

பெரிதாக இல்லை என்றேன். பின்னால் நின்றபடியால் அவளுக்குத் தெரிந்திருக்காது என்ற தைரியம்.

“ஒவ்வொரு வெடிக்கும் நீங்கள் துள்ளின துள்ளலிலை பலகை ஆடினதப்பா. அது அடங்கினாப் பிறகுதான் அடுத்ததைச் சுட்டன்.”